குமுதவல்லியின் செவ்வாய்க்கிழமை

செம்பொன்கரை ஆவண நிலையத்துக்குள் காலம் மந்தப்பட்டுப்போனதை முதன்முதலில் கண்டுபிடித்தது தலைநகரத்து அதிகாரிகளும் இல்லை, மென்பொருள் செய்து கொடுத்த கம்பெனிக்காரர்களும் இல்லை. தலையில் பானையோடு தெருத்தெருவாகப் போய் மோர் விற்கும் அஞ்சலைதான். ஒரு சித்திரை மாதக் காலையில் நிலையத்து மதிலுக்கு உள்பக்கம் நிழல் பார்த்துப் பானையை இறக்கிவைத்தவள், தம்பி வீட்டில் சாவு என்று யாரோ கூப்பிட, அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். காரியமெல்லாம் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் திரும்பிவந்து, புழு வைத்திருக்கும், பானையையாவது கழுவி எடுத்துக்கொள்வோம் என்று மூடியைத் திறந்தால், காலையில் கடைந்த மோர் சாயங்காலம் எப்படி இருக்குமோ அப்படி, ஒரு சொட்டுப் புளிப்போடு, குளுகுளுவென்று இருந்தது. அஞ்சலை ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "வெளிய நேரம் நடக்குது, உள்ள தவழுது" என்று சொல்லிவிட்டு, பானையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மேலத்தெருவுக்கு விற்கப் போய்விட்டாள்.

மூன்று தாலுகாவின் பத்திரங்களையும் பட்டாக்களையும், பிறந்தவர்கள் இறந்தவர்கள் பதிவுகளையும், சாதிச் சான்றிதழ்களையும், எல்லைத் தகராறுகளையும், கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எழுதிவைத்த கைச்சாத்துகளையும் ஸ்கேன் செய்து ஒரே கம்ப்யூட்டருக்குள் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். பத்து லட்சம் தாள் வரைக்கும் கேட்ட தாள் கண் இமைப்பதற்குள் வந்தது. ஐம்பது லட்சத்தில் ஒரு டீ குடிக்கும் நேரம் ஆனது. ஒரு கோடியைத் தாண்டியதும் கேட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் கொட்டாவி விட்டு, கொட்டாவி முடிந்து, அடுத்த கொட்டாவிக்கு வாயைத் திறந்தார்கள். ஒன்றரைக் கோடியைத் தொட்ட அன்று, கம்ப்யூட்டருக்குள் இனிமேல் தங்க இடமில்லை என்று ஆகிவிட்ட மந்தம் வெளியே வழிந்தது. மேசைக்கும் நாற்காலிக்கும் பரவி, மின்விசிறிக்கு ஏறி, வாசற்படி இறங்கி, மதில் வரைக்கும் நிறைந்து, அங்கே நின்றுவிட்டது. மதிலுக்கு வெளியே பதினெட்டு நாள் போனால் உள்ளே ஒரு நாள் போனது. அதற்குமேல் தாள் ஏற்ற யாருக்கும் நேரமில்லாததால் கணக்கு அதோடு நிலைத்தது.

ஊர் இதை ஒரு மாதத்தில் பழகிக்கொண்டது. மனுக்களைக் கயிற்றில் கட்டிய கூடையில் போட்டு ஜன்னல் வழியாக உள்ளே விடுவது என்றும், மறு வாரமோ மறு மாதமோ கூடையை இழுத்துப் பார்ப்பது என்றும் வழக்கம் வந்தது. கல்யாண சீசனில் பூக்காரர்கள் மல்லிகை மொட்டைக் கூடைகூடையாய் மதிலுக்குள் இறக்கினார்கள். வெள்ளிக்கிழமை பறித்த மொட்டு அடுத்த புதன்கிழமை முகூர்த்தத்தில் மலர்ந்தது. மதிலோரத்துப் புங்கமரத்தின் வெளிக்கிளை மூன்று வருஷம் பூத்து உதிர்த்த பிறகும், உள்கிளை முதல் வருஷத்துப் பூவையே வைத்துக்கொண்டு நின்றது. பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அலுவலர் ஏகாம்பரம் ஒரு தும்மலைத் தொடங்குவதையும், அது மூக்கில் ஏறுவதையும், கண் சுருங்குவதையும் முறுக்கு தின்றபடி பார்த்து, தும்மல் முடிந்ததும் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

அந்த நிலையத்தில் தாள் தேடிக் கொடுக்கும் வேலை குமுதவல்லிக்கு. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு உள்ளே போவாள். ஏழு மணி நேரம் வேலை பார்ப்பாள். அந்த ஏழு மணி நேரத்துக்குள் ஜன்னலில் ஐந்து முறை விடியும், ஐந்து முறை இருட்டும். புதன்கிழமை மாலை வெளிச்சத்தில் டப்பாவைத் திறந்து, காலையில் கட்டிய எலுமிச்சம்பழச் சோற்றைச் சாப்பிடுவாள். வெளியே வந்தால் சனிக்கிழமை சாயங்காலமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவளுக்கு மற்றவர்களுக்கு இருப்பதுபோல முழுதாக இருந்தது. அரசாங்க உத்தியோகம், நல்ல வேலை, இதை விட்டால் அடுத்து எது என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் நினைத்து நினைத்தே ஏழு வருஷம் போயிற்று. ஊருக்குத்தான் ஏழு வருஷம். அவள் உடம்புக்கு இரண்டே வருஷம். முப்பத்தைந்தில் உள்ளே போனவள் முப்பத்தேழில் நின்றாள். அவளுடைய தங்கை நாற்பதைத் தொட்டுக் காதோரம் நரைத்தாள். அவளைக் காட்டி, கோயிலில் பார்க்கிறவர்கள் "இது உங்க அக்காவா?" என்று குமுதவல்லியிடமே கேட்டார்கள். தங்கை சிரித்தாள். வீட்டுக்கு வந்து அழுதாள்.

கணவன் தணிகாசலம் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிஷம் நின்றது என்று நாள் முழுக்க எழுதுகிறவர். ஆனால் மனைவியைப் பற்றி ஒரு நிமிஷக் கணக்குக்கூட அவர் வாயிலிருந்து வந்ததில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மதில் வாசலில் சைக்கிளோடு நிற்பார். "வந்துட்டியா" என்பார். அவ்வளவுதான்.

மகள் செண்பகம் விஷயம்தான் குமுதவல்லிக்குத் தொண்டையில் சிக்கிய முள். எட்டு வயதில் விட்டுவிட்டுப் போன பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை அளவெடுத்துத் தைக்கக் கொடுத்த சட்டை, அவள் பத்துநாள் வேலை பார்த்துவிட்டு வந்து போட்டுவிட்டால் தோளில் பிடித்தது, இன்னும் பத்துநாள் போனால் கையே நுழையவில்லை. பல் விழுந்ததை ஒரு ஞாயிறு பார்த்தாள், முளைத்துவிட்டதை மறு ஞாயிறு பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மீன் குழம்பு வைத்து, தலையில் எண்ணெய் தேய்த்து, கதை கேட்டு, மடியில் படுக்கவைத்துக்கொள்வாள். பிள்ளையும் சொன்னதெல்லாம் கேட்கும். விருந்தாளியிடம் இருப்பதுபோல மரியாதையாக இருக்கும். அந்த மரியாதைதான் குமுதவல்லியைத் தின்றது.

செண்பகத்துக்குப் பதிமூன்று நடந்தபோது ஒரு புதன்கிழமை. குமுதவல்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னலில் பள்ளிச் சீருடையில் மகள் வந்து நின்றாள், புத்தகப் பையைப் பின்பக்கம் சேர்த்துப் பிடித்துக்கொண்டு. உள்ளேயிருந்து பார்க்கும்போது வெளியில் இருப்பவர்கள் தட்டான் மாதிரி படபடவென்று தெரிவார்கள்; முகத்தைப் படிக்க முடியாது. ஆனாலும் தாய்க்குத் தெரிந்துவிட்டது. கையில் எடுத்த பருக்கையை டப்பாவில் போட்டுவிட்டு, நாற்காலியைத் தள்ளி எழுந்து, நாலு எட்டு வைத்து ஜன்னலுக்கு வந்தாள். அவளுக்கு அது கால் நிமிஷம். வெளியே நின்ற பிள்ளைக்கு, அம்மா கையை இறக்குவதையும், தலையைத் திருப்புவதையும், எழத் தொடங்குவதையும் பார்த்துக்கொண்டு நாலு நிமிஷத்துக்குமேல் நடுத்தெருவில் நிற்க வேண்டியிருந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள். குமுதவல்லி கம்பியைப் பிடித்தபோது ஜன்னலில் புங்கங்கிளை மட்டும் இருந்தது. தண்ணீர் ஊற்றுவது முதல் எல்லாவற்றையும் தங்கைதான் செய்தாள். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவளிடம், "எல்லாம் ஆச்சும்மா, ஒண்ணும் கவலைப்படாத" என்று செண்பகம்தான் ஆறுதல் சொன்னாள்.

அந்த நிலையத்தின் கீழண்டைத் தாழ்வாரத்தில் ஆறு கட்டில்கள் கிடந்தன. மோரையும் மொட்டையும் காப்பாற்றுகிற இடம் மனுஷரைக் காப்பாற்றாதா என்று ஊர் யோசித்ததில் ஆச்சரியமில்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்கும் ஈரலுக்கும் பதிந்துவிட்டு வரிசையில் காத்திருக்கிறவர்களை உறவினர்கள் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். வரிசை வெளியே ஓடட்டும், உயிர் உள்ளே மெதுவாக இருக்கட்டும் என்று. ஏகாம்பரம் மேலிடத்துக்கு அனுமதி கேட்டு எழுதினார். பதில் வருவதற்குள் கட்டில்கள் பழசாகிவிட்டன.

மூன்றாவது கட்டிலில் நூர்ஜகான் படுத்திருந்தாள். இருபத்தொன்பது வயது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெளியே கூட்டிப்போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவார்கள்; அவளுக்கு அது மூன்று நாளைக்கு ஒருமுறை. அவள் படுத்து நாலு வருஷம் ஆயிற்று. அவளைக் கேட்டால் எண்பது நாள் என்பாள். கணவன் காஜா மைதீன் கடைவீதியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். கல்யாணத்தின்போது அவளைவிட இரண்டே வயது மூத்தவர், இப்போது தாடியில் வெள்ளை விழுந்து ஆறு வயது மூத்தவராகிவிட்டார். தாழ்வாரத்துக்குக் குமுதவல்லி தண்ணீர் கொண்டுபோகும்போதெல்லாம் நூர்ஜகான், "அக்கா, அவங்க சாப்பிட்ட மாதிரி இருந்தாங்களா? ஜன்னல்ல பாத்தீங்களா?" என்றுதான் கேட்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை காஜா மைதீனுக்குப் போன் வந்தது. சிறுநீரகம் ஒன்று இருக்கிறது, பொருந்துகிறது, ஆறு மணி நேரத்துக்குள் வந்து சேருங்கள் என்றார்கள். நாலு மணி நேரப் பயணம். காரை வாசலில் நிறுத்திவிட்டு அவர் உள்ளே ஓடினார். ஏகாம்பரமும் குமுதவல்லியும் இன்னும் ஒருவரும் வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். புடவை மாற்றி, காகிதங்களைத் தேடி எடுத்து, கட்டிலோடு தூக்கி, நீளத் தாழ்வாரத்தைக் கடந்து, பதினோரு படி இறக்கி, முற்றத்தைத் தாண்டி, மூச்சு வாங்க வாங்க வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். மனிதர்களால் முடிந்த வேகம் அதுதான். இருபது நிமிஷம்தான் ஆனது. வாசலைத் தாண்டிக் கால் வைத்தபோது வெளியே மணி நாலு. காரோட்டி தூங்கிப்போயிருந்தான். காஜா மைதீன் சட்டைப்பையில் போன் அடித்தது.

"கூப்பிட்டுக்கிட்டே இருந்தோம் பாய். அடுத்த ஆளுக்குக் குடுத்துட்டோம்."

காஜா மைதீன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். நூர்ஜகான் அவர் முதுகில் கை வைத்தாள். "யாரோ ஒருத்தர் பொழைப்பாங்கல்ல மச்சான். விடுங்க." பிறகு, "நரைச்சுப் போச்சே உங்களுக்கு. போன தடவை கிட்டத்துல பாத்தப்ப இவ்வளவு இல்லையே" என்றாள்.

கட்டிலின் ஒரு காலை குமுதவல்லி பிடித்திருந்தாள். அதே காலைப் பிடித்து அதே பதினோரு படி ஏறி, கட்டிலை இருந்த இடத்தில் போட்டுவிட்டு, தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். மனுப் பதிவேட்டை எடுத்துப் பிரித்தாள். எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஏழு வருஷத்தில் யார் யார் என்னென்ன கேட்டார்கள் என்று முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டே போனாள். ஜன்னலில் ஒருமுறை இருட்டி விடிந்தது.

சாயங்காலம் வெளியே வந்தவளோடு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நிலையத்துக்கு எதிர்ப்புற டீக்கடையில் வினோதினி வந்து உட்கார்ந்தாள். மென்பொருள் கம்பெனியின் இன்ஜினியர். அவளுக்கு முன்னால் வந்த ஒருவர், ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போய், வெளியே வந்தபோது அவருடைய நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது, மாப்பிள்ளை இல்லாமலே. அதிலிருந்து கம்பெனி ஆள் யாரும் மதிலைத் தாண்டுவதில்லை. குமுதவல்லி எழுதிய கடிதங்களுக்கு வினோதினி ஒருத்திதான் பதில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு பேரைக் கேட்டா உங்க கம்ப்யூட்டர் என்ன பண்ணுது தெரியுமா? முதல் தாளை எடுத்துப் பாக்குது, இல்லன்னு வைக்குது. ரெண்டாவது தாள். மூணாவது. இப்படியே ஒன்றரைக் கோடியும். ஒவ்வொரு தடவையும். எல்லாத்தையும் ஒரே அறையில கொட்டி வச்சிருக்கீங்க. எந்த ஊர், எந்த வருஷம், யார் பேரு, எங்க இருக்குன்னு ஒரு அட்டவணை கிடையாது."

"பொருளடக்கம் இல்லாத புஸ்தகம்."

"அதேதான். இண்டெக்ஸ் போட்டுட்டா, நேரா அந்தத் தாள்கிட்டயே போய் நிக்கும். கண் இமைக்கிற நேரம்."

"போட்டுட்டா மந்தம் போயிடுமா?"

"போயிடும். எல்லாருக்கும் சந்தோஷம்தான?"

குமுதவல்லி டீயைக் கீழே வைத்தாள். தாழ்வாரத்து ஆறு கட்டில்களைப் பற்றி வினோதினிக்கு அவள் எழுதியதில்லை. இப்போது சொன்னாள். வினோதினி மதிலைத் திரும்பிப் பார்த்தாள்.

செய்தி கசிந்து, ஊர்க்கூட்டம் கல்யாண மண்டபத்தில் கூடியது. முந்தின நாள் கல்யாணத்து வாழைமரம்கூட அவிழ்க்கவில்லை. அஞ்சலை முதலில் எழுந்தாள். "ஏழு வருஷமா ஊருக்குப் புளிக்காத மோர் குடுக்குறேன். அதைக் கெடுக்கவா கூட்டம்?" என்றாள். பூக்காரர்கள் ஆமாம் என்றார்கள். கீழத்தெரு ராக்காயி, "என் மவனுக்குச் சாதிச் சான்றிதழ் கூடையில வந்து சேந்தப்ப காலேஜுல சேர்க்கை முடிஞ்சு ஏழு மாசம். இப்ப அவன் லாரியில லோடு ஏத்துறான். உன் மோருக்காக என் மவன் லோடு ஏத்தணுமா?" என்று கேட்டாள். கட்டில்காரர்களின் உறவினர்கள் கத்தவில்லை, கும்பிட்டார்கள். அதுதான் பார்க்க முடியவில்லை. காஜா மைதீன் தூணில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குமுதவல்லிக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். "இதை முழுசாப் படிச்சேன். நூறு பேர் வந்தா தொண்ணூத்திமூணு பேர் கேக்குறது, இந்தப் பதினஞ்சு வருஷத்துக்குள்ள உள்ள தாள்தான். அது மொத்தமே பதினெட்டு லட்சம். மீதி ஒண்ணேகால் கோடிக்கும் மேல, யாரும் தொடாத பழைய தாளு. தொடாத தாளையும் சேத்துத் தூக்கிக்கிட்டுத்தான் கம்ப்யூட்டர் நடக்க முடியாம நடக்குது. கேக்குற தாளைத் தனியாப் பிரிச்சு, அட்டவணை போட்டு, புதுசா ஒரு மெஷின்ல வைப்போம். அது ஓடட்டும். பழசை இருக்குறபடியே, அட்டவணை இல்லாம, பழைய மெஷின்லயே விட்டு, தெருவோரமா இருக்குற சின்ன அறைக்கு மாத்துவோம். மந்தம் அந்த அறையோட நிக்கும். கட்டிலை அங்க போடுவோம். அறைக் கதவு நேரா தெருவுல திறக்கட்டும். கட்டிலுக்குச் சக்கரம் வைப்போம்." மூச்சு விட்டுக்கொண்டாள். "போன் வந்தா, ஒரு நிமிஷத்துல வெளிய கொண்டாந்துடலாம்."

காஜா மைதீன் தலையைத் தூக்கிக் கேட்டார். "ஒரு நிமிஷம்னா, வெளிய?"

"பதினெட்டு நிமிஷம், தம்பி."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சக்கரம் நான் மாட்டித் தர்றேன்."

ஒரு சிக்கலை வினோதினி சொன்னாள். பழைய மெஷின் சும்மா இருந்தால் மந்தம் வராது. யாராவது அதனிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அது தேடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நூறு கேள்வியை வரிசையாகக் கொடுத்துவிட்டுத் தூங்கலாம். ஆனால் கேட்க ஒரு ஆள் அந்த அறையிலேயே வேண்டும். எல்லார் கண்ணும் குமுதவல்லிமேல் விழுந்தது. அவளுக்குத்தானே பழக்கம். கூட்டத்தின் கடைசியில், அப்பாவுக்குப் பக்கத்தில் செண்பகம் நின்றாள். அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மண்டபத்தை விட்டு வெளியே நடந்து, மதிலைத் தாண்டி, தாழ்வாரத்தில் மூன்றாவது கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள் குமுதவல்லி. நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"அதுக்கு ஏன்க்கா நீங்க? படுத்துக்கிட்டே கேக்கலாம்ல? நான் கேக்குறேன்" என்றாள் நூர்ஜகான்.

"என்னம்மா கேப்ப, நாள் பூரா?"

"எங்க அத்தாவோட அத்தா பர்மாவுக்குப் போனவங்க திரும்பி வரல. என்ன வித்துட்டுப் போனாங்கன்னு யாருக்கும் தெரியாது. அதுல இருந்து ஆரம்பிக்கிறேன். எனக்கும் மேல பாத்துப் பாத்து ஓடு எண்ணி அலுத்துப் போச்சு."

குமுதவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெளியே வந்தபோது கூட்டம் கலைந்து, வாழைமரத்தையும் அவிழ்த்துக் கொண்டுபோயிருந்தார்கள்.

வேலை மூன்று வாரம் நடந்தது. கம்ப்யூட்டரின் வன்தகடுகளை ஒவ்வொன்றாக மதிலுக்கு வெளியே எடுத்துவந்து, கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் புது மெஷினை வைத்து வினோதினி பிரித்தாள். நல்லவேளையாகத் தாள்களின் எண்ணுக்குள்ளேயே ஊரும் வருஷமும் ஒளிந்திருந்தன. எண் அழிந்துபோன எழுபதாயிரம் தாளை மட்டும் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் மனுவோடு காத்திருந்தவர்களும் உட்கார்ந்து படித்து, ஊர், வருஷம், பேர் என்று எழுதிக் கொடுத்தார்கள். ராக்காயியின் மகன் லாரி ஓடாத நாளில் வந்து எழுதினான். இடையில் நாலு கல்யாணம் நடந்தது. முகூர்த்த நேரத்தில் மேளம் கெட்டியாக முழங்க, வினோதினி காதைப் பொத்திக்கொண்டு பட்டாக்களை வருஷவாரியாக அடுக்கினாள். நாலு பந்தியிலும் அவளுக்கு இலை போட்டார்கள்.

மாற்றிய திங்கட்கிழமை பத்து மணிக்குக் குமுதவல்லி வழக்கம்போல உள்ளே போனாள். முதல் மனு ஒரு பிறப்புச் சான்றிதழ். பெயரை அடித்தாள், தாள் வந்து நின்றது. அவள் இன்னும் விசைப்பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை. ஏகாம்பரம் தும்மினார், தும்மல் உடனே முடிந்துவிட்டதில் அவரே திடுக்கிட்டார். ஜன்னலில் வெயில் ஏறியது, ஏறியபடி இருந்தது, இறங்க மாட்டேன் என்றது. நூற்றுப்பத்து மனுவை முடித்துவிட்டு, அஞ்சு மணிக்கு வெளியே வந்தாள். அப்போதும் திங்கட்கிழமைதான். புங்கமரத்தின் உள்கிளை ஏழு வருஷத்துப் பூவை ஒரே நாளில் உதிர்த்து, வாசலெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. சைக்கிளோடு யாரும் வரவில்லை. வருவாள் என்று தணிகாசலம் நம்பியிருக்கவில்லை.

வீட்டில் இரண்டு பேருக்குத்தான் சமைத்திருந்தது. செண்பகம் அம்மாவை வாசலில் பார்த்து, கையில் கரண்டியோடு நின்றாள். "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லையேம்மா?"

"இல்ல."

"சோறு பத்தாதே."

"பரவாயில்ல, பகிர்ந்துக்கலாம்."

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஏழு வருஷத்தில் அவள் பார்க்கும் முதல் செவ்வாய்க்கிழமை. அது என்னவென்றே அவளுக்குத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் தண்ணீர் காலை ஐந்தரைக்கு வரும் என்பதும், செண்பகம் அன்றைக்குத் தலைக்குக் குளிக்க மாட்டாள் என்பதும், தணிகாசலம் சாயங்காலம் தேங்காய் பன் வாங்கி வருவார் என்பதும், அந்தப் பன்னை அப்பாவும் மகளும் ஒன்றும் பேசாமல் வாசற்படியில் உட்கார்ந்து தின்பார்கள் என்பதும் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அவளுக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. நின்றுகொண்டே பார்த்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை மூன்று பன் வந்தது. செண்பகம் நகர்ந்து இடம் விட்டாள். மரியாதை மட்டும் குறையவில்லை.

தெருவோரத்துச் சின்ன அறையில் நூர்ஜகான் கேட்டுக்கொண்டே இருந்தாள். தாத்தா பங்கு வீட்டையும் ஒரு பலாமரத்தையும் விற்றுவிட்டுக் கப்பலேறியதைக் கண்டுபிடித்தாள். அப்புறம் பக்கத்துக் கட்டில்காரர்களின் தாத்தாக்களைத் தேடினாள். யாரும் தேடாத பாதையையும், மூடிப்போன ஊருணியையும், ஊருக்கு எழுதிவைத்துவிட்டு எல்லாரும் மறந்துபோன ஒரு பனந்தோப்பையும் தேடி எடுத்து, துண்டுச்சீட்டில் எழுதி ஜன்னல் வழியாக வெளியே போட்டாள். சுவரோரப் பலகையில் அஞ்சலைக்கு ஒரு பானைக்கும், பூக்காரர்களுக்கு இரண்டு கூடைக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். முதல் கட்டிலில் கிடந்தவர் மட்டும் அந்த ஆடியில் இறந்துபோனார். அவர் கண் மூட ஒரு காலைப்பொழுது முழுக்க ஆயிற்று. பெண்டு பிள்ளைகள் எல்லாரும் வெளியூரிலிருந்து வந்து சேர அது போதுமாக இருந்தது.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை மதியம் மழையோடு காஜா மைதீனுக்குப் போன் வந்தது. கடையிலிருந்து ஓடிவந்தார். குமுதவல்லி நிலையத்திலிருந்து குடை இல்லாமல் ஓடிவந்தாள். அறைக்கதவைத் திறந்து அவர் உள்ளே நுழைவதையும், குனிவதையும், கட்டிலைத் தள்ளத் தொடங்குவதையும் தெருவே நனைந்துகொண்டு பார்த்தது. அஞ்சலை உரக்க எண்ணினாள். சக்கரம் வாசலைத் தாண்டியபோது பதினாறு நிமிஷம் ஆகியிருந்தது. கட்டிலில் படுத்தபடி நூர்ஜகான் முகத்தில் விழுந்த மழையை நக்கிப் பார்த்தாள். "அக்கா, நாலாவது கட்டில் பாட்டன் பேரு பாதியில நிக்குது. ஐயாக்கண்ணுன்னு போடுங்க, யாராவது" என்று கத்திக்கொண்டே கார் ஏறினாள். நாலாவது கட்டில்காரர் அப்போதே எழுந்து உட்கார்ந்து ஒற்றை விரலால் அடிக்கத் தொடங்கியிருந்தார். ஆள் மாறிய பதினைந்து வினாடியில் அறைக்குள் மந்தம் சற்றே தளர்ந்து, மல்லிகைக் கூடையில் இரண்டு மொட்டு பொட்டென்று விரிந்தது. மறுநாள் காலை, வைத்த சிறுநீரகம் வேலை செய்கிறது என்று காஜா மைதீன் பேருந்து நிலையத்துக்குப் போன் செய்தார். தணிகாசலம் வண்டி நேரம் எழுதும் நோட்டில் அதை எழுதிவிட்டு, எழுதக் கூடாதோ என்று அடித்து, மறுபடி எழுதினார்.

அன்று குமுதவல்லிக்குக் கால் தரையில் பாவவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள், சந்தோஷத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் அடுக்களையைப் பிரித்துப் போட்டாள். டப்பாக்களையெல்லாம் இறக்கி, கழுவி, பருப்பெல்லாம் ஒரு தட்டு, பொடியெல்லாம் ஒரு தட்டு என்று அடுக்கி, ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டி என்ன என்று எழுதினாள். டியூஷன் முடிந்து வந்த செண்பகம் குழம்புக்கு அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் கையை நீட்டினாள். கை போன இடத்தில் மல்லித்தூள் இல்லை, ரவை இருந்தது.

"யார் இதையெல்லாம் மாத்துனது?"

"நான்தான். எழுதி ஒட்டியிருக்கேன் பாரு. சுலபமா..."

"எனக்கு எழுதி ஒட்ட வேணாம். கண்ணை மூடிக்கிட்டு எடுப்பேன் நான். ஒன்பது வயசுல இருந்து எடுக்குறேன். என் அடுக்களையில ஏன் கை வைக்குற?"

"உன் அடுக்களையா?"

"பின்ன யாருது? நீயா இருந்த இங்க?"

குமுதவல்லிக்குச் சுருக்கென்றது. "பெத்தவளைப் பாத்து என்ன பேச்சு பேசுற? நான் என்ன ஊர் சுத்தவா போனேன்?"

"போனல்ல? கேக்காமலே போனல்ல? வாரவாரம் போனல்ல?" செண்பகத்தின் குரல் உடைந்து தெருவுக்குக் கேட்டது. கரண்டியைத் தரையில் போட்டாள். அது சுழன்று சுழன்று நின்றது. குமுதவல்லியும் கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கு ஞாபகமில்லை. வேலையைப் பற்றி, தலையெழுத்தைப் பற்றி, பதினைந்து வயதுக்கு இவ்வளவு வாய் ஆகாது என்பதைப் பற்றி. எண்ணெய் கருகியது. வாசலில் சைக்கிளை நிறுத்திய தணிகாசலம் உள்ளே வராமல், நேரத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

செண்பகம்தான் முதலில் மூச்சு வாங்கினாள். மூக்கைத் தாவணி நுனியில் சிந்தி, அடுப்பை அணைத்தாள். கருகிய சட்டியைத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

"எனக்குக் கணக்குப் பரீட்சை இருக்கு காலையில. நான் படிக்கணும்." அறை வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள். முகம் சிவந்து, மரியாதை என்பது மருந்துக்கும் இல்லாமல் இருந்தது. "மீதியை நாளைக்கு வச்சுக்கலாம்."

கதவு சாத்தியது. குமுதவல்லி தரையில் உட்கார்ந்து கரண்டியை எடுத்தாள். ஏழு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றில்கூட, மறுநாளைக்கு என்று எதையும் அவர்கள் மிச்சம் வைத்ததில்லை.

"நாளைக்கா?" என்று கதவைப் பார்த்துக் கத்தினாள். "வாடி. நாளைக்கு நான் இங்கதான் இருப்பேன்."